யார் முதலில் சங்கு ஊதியது

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். ஊதவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கெட்டிமேளம் சொல்ல வேண்டிய ஐயர் தூக்கிய கையைத் தூக்கியபடியே இருந்தார். சத்திரத்தில் அவ்வளவு கூட்டம். ஒரு கைக்குழந்தை கூட அழவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மணமேடைக்கு முன்னால் வந்து, இடது கையை உயரத் தூக்கி, கைக்கடிகாரத்தை எல்லாருக்கும் ஒரு சுற்று காட்டினார்.

“எட்டே முக்கால்,” என்றார். “திங்கக்கெழம. ஒம்பது மணி வரைக்கும் ராகுகாலம். ராகுகாலத்துல எம்புள்ளய தாலி கட்டச் சொல்றீங்களே!”

சத்திரத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்பதே கால் காட்டியது. பத்திரிகையில் போட்ட முகூர்த்தம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்.

பெண்ணின் அப்பா சபாபதி, எங்கள் மேற்கு ரைஸ் மில் முதலாளி, பட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். “சம்பந்தி, உங்க கடியாரம் லேட்டு. இந்த ஊரே எஞ்சங்கு கேட்டுத்தான் கடியாரத்தத் திருப்புது. எஞ்சங்கு தப்பாவாது.”

“தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அரை மணி குந்திகினு இருக்கோம், எங்களுக்கு இன்னா அவசரம்? இல்ல, எஞ்சங்குதான் சரின்னு நின்னீங்கன்னா, நேரத்துலயே பொய் சொல்ற வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன். வண்டி வாசல்ல நிக்குது.”

நான் மோர்ப்பானைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாலு பேர் நடுவில் முகம் காட்ட எனக்கு எப்போதும் கூச்சம். அன்றைக்குக் கூச்சத்தைவிட பயம்தான் ஜாஸ்தி. முதலாளி பெருமையாகச் சொன்னாரே, “எஞ்சங்கு” என்று, அதைத் தினமும் ஊதியவள் நான்.

சுவிட்சும் நானும்

கள்ளக்குறிச்சியில் அப்போது ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் சின்னசேலம் போக வேண்டும். கையில் கடிகாரம் கட்டினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு நேரம் சொன்னவை இரண்டு மில் சங்குகள். மேற்கே சபாபதி முதலாளி மில், கிழக்கே கோதண்டம் முதலாளி மில். காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டு, சாயந்திரம் ஐந்து.

சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். நடவு வயலில் பெண்கள் கரையேறுவார்கள். டீக்கடையில் பழைய டிக்காஷனைக் கொட்டிவிட்டுப் புதுசு போடுவார்கள். வடக்கனந்தல் வரைக்கும் கேட்கும் என்று சபாபதி முதலாளி சொல்வார். கோதண்டம் முதலாளி, தன் சங்கு மலையடிவாரம் வரை கேட்கும் என்பார். மலையடிவாரத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தவர் யாரும் இல்லை.

எனக்கு மேற்கு மில்லில் நெல் அவிக்கிற வேலை. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலாலேயே கிளறிவிட வேண்டும். வெயிலில் உள்ளங்கால் வெந்து, ராத்திரி படுத்தால்கூட நெல்லின் ஆவி வாசனை தலைமயிரில் இருக்கும்.

சங்கு சுவிட்ச் அவியல் தொட்டிக்குப் பக்கத்து அறையில் இருந்தது. மிஷின் டிரைவர் எந்நேரமும் டீக்கடையில் இருந்ததால், “அஞ்சாவது படிச்சவதான நீ, கடியாரம் பாக்கத் தெரியுமில்ல?” என்று முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கடைக்காரர் எதிரில் நின்று உப்பு கேட்கவே எனக்கு நாக்கு எழாது. நான் ஒரு விரலை வைத்தால் ஊரே சோறு தின்ன உட்கார்ந்தது.

கை வைத்த நாற்காலி

இரண்டு முதலாளிகளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பகை வந்தது ஒரு நாற்காலியால்.

பள்ளிக்கூட ஆண்டுவிழா. தலைமையாசிரியர் வீடு வீடாக அலைந்து நாற்காலி சேர்த்தார். அதில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. முதலில் வந்த சபாபதி முதலாளி அதில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த கோதண்டம் முதலாளிக்குக் கையில்லாத நாற்காலி. “எனக்கு நின்னாத்தான் சரியா காது கேக்கும்” என்று சொல்லி, விழா முடியும்வரை மூன்று மணி நேரம் தூணோடு தூணாக நின்றார்.

அடுத்த வருஷம் தன் வீட்டிலிருந்தே கை வைத்த நாற்காலி ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார். அதற்கடுத்த வருஷம் சபாபதி முதலாளி சோபாவே கொண்டுவந்தார். மேடையில் பிள்ளைகள் ஆட இடமில்லாமல் போயிற்று.

அப்புறம் சந்தைத் தோப்பில் தண்ணீர்த் தொட்டி. தொட்டி சபாபதி உபயம். குழாய்கள் கோதண்டம் உபயம். இரண்டையும் சேர்க்கிற பைப்பை யார் தருவது? தொட்டிதான் பெரிசு, குழாய்க்காரர் தரட்டும் என்று இவர். குழாய் இல்லாத தொட்டி வெறும் குண்டான், தொட்டிக்காரர் தரட்டும் என்று அவர். ஆறு மாசம் தொட்டியில் காக்கைதான் குளித்தது. கடைசியில் சந்தைக்கு வரும் மாட்டு வியாபாரிகள் சேர்ந்து பைப் போட்டார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை.

ஐந்து நிமிடம்

இப்போது சொல்லப்போவதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

என் மகள் செல்விக்கு அப்போது மூன்று மாசம். கருணாபுரத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிடுவேன். மத்தியானச் சங்கு ஊதியதும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவர வேண்டும்.

ஒருநாள் காலையிலிருந்தே பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. களத்தில் யாரோ ஒருத்தியின் பிள்ளை அழுதது. அவ்வளவுதான், என் ரவிக்கை நனைந்துவிட்டது. மாராப்பை இழுத்து மூடினேன். அதுவும் நனைந்தது. முதலாளி உளுந்தூர்ப்பேட்டைக்குப் போயிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன். அழுத்திவிட்டு ஓடினேன்.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மடியில் போட்டபிறகுதான் பயம் வந்தது. ஆனால் ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர், கிழக்கு மில் கோதண்டம் முதலாளி. “மேக்கால முந்திக்கினான்யா!” என்று மறுநாள் அவரும் ஐந்து நிமிடம் முன்னால் ஊதச் சொல்லிவிட்டார்.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து திரும்பிய எங்கள் முதலாளி, கிழக்கே சங்கு கேட்டதும் கணக்கப்பிள்ளை மேஜையைக் குத்தினார். “நம்மளுக்கு முன்னாடி அவன் ஊதறதா? பச்சம்மா! நாளைலேருந்து அவன் ஊதறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்ன நம்ப சங்கு ஊதணும். கடியாரத்தத் திருப்பி வெச்சிக்கோ.”

“மொதலாளி, பன்னண்டு ஆவாம எப்பிடிங்க...”

“நாம ஊதனா அதான் பன்னண்டு.”

இப்படித்தான் ஆரம்பித்தது. அவர் இரண்டு, இவர் மூன்று. வருஷம் திரும்பும்போது எங்கள் ஊர் மற்ற ஊர்களைவிட அரை மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போனால் யாருக்குத் தெரியும்?

பஸ்ஸெல்லாம் எங்கள் ஊருக்கு மட்டும் லேட்டாக வந்தன. டிரைவர்கள் தினமும் திட்டு வாங்கினார்கள். படிப்பகத்து ரேடியோ மணி சொன்னபோது, அதுவும் அரை மணி பின்னால். முடிவெட்டுகிற மாணிக்கம் அதற்கு விளக்கம் சொன்னார்: “டில்லிலேருந்து வரணுமில்ல? வர்ற வழில லேட்டாவும்.” ஊரே தலையாட்டியது.

நம்பாதவர் ஒருவர் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்குத் தேனும் சீக்காயும் கொண்டுவரும் வெள்ளையன் என்கிற பெரியவர். ஒருநாள் மத்தியானச் சங்கு ஊதியதும் தன் கால் நிழலைக் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா உங்கூர்ல? நெழலு இன்னும் காலுக்குள்ளயே வர்ல, அதுக்குள்ள சோறு துன்னப் போறீங்க?”

“சங்கு ஊதிச்சில்லீங்க” என்றேன்.

“சங்கு ஊதும். பொழுது ஊதாது பாரு” என்று சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் போனார். அவர் சீக்காய்க்குக் கொஞ்சம் அதிகம் விலை சொன்னால்கூட நான் பேரம் பேசியதில்லை, அதற்குப் பிறகு.

மூன்றாவது இடம்

சபாபதி முதலாளியின் ஒரே மகள் மல்லிகா. என் நனைந்த மாராப்பை இன்னொரு நாள் பார்த்துவிட்டு, “அக்கா, பாப்பாவ இங்கியே தூக்கிகினு வாங்க” என்று குடோன் ஓரத்து வேப்பமரத்தில் தன் பழைய தாவணியால் தூளி கட்டிக் கொடுத்தவள். நான் நெல் கிளறும்போது அவள்தான் செல்விக்குத் தூளி ஆட்டுவாள்.

அவளுக்கு இரண்டு இடம் பேசி இரண்டும் கைகூடவில்லை. இரண்டிலும் முதலாளியின் வாய்தான் காரணம். ஒருவர் வீட்டில் போய், “இதுவா உங்க வூடு? எங்கூட்டு நெல்லு குடோன் இத்தினி பெருசு” என்று சொன்னாராம்.

மூன்றாவதாக வந்ததுதான் இந்த விழுப்புரத்துப் பக்கத்து இடம். மாப்பிள்ளை வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது மல்லிகாவிடம் நேராகவே, “உங்களுக்குப் புடிச்சிருக்கா?” என்று கேட்டாராம். அதை அவள் என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

“இதுவும் போச்சுன்னா அக்கா, நான் வெள்ளையன் தாத்தாவோட மல மேல தேன் எடுக்கப் போய்டுவேன்” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா யார் தெரியுமா? ஓய்வுபெற்ற ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். நேரத்தை நம்பியே சோறு தின்ற மனுஷர். அவரைக் கொண்டுவந்து எங்கள் ஊர்ச் சங்குக்கு முன்னால் நிறுத்தினது விதிதான்.

தபாலில் வந்த பத்திரிகை

சத்திரத்துக்குத் திரும்புகிறேன்.

மணப்பெண் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மல்லிகா அதன் வழியே என்னைப் பார்த்தாள். நெற்றிச்சுட்டி மட்டும் ஆடியது.

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், “சங்கு அரை மணி முன்னாலதாங்க ஊதுது” என்று. மோர்ப்பானையைத் தாண்டி இரண்டு அடி வைத்தேன். நானூறு முகங்கள் தெரிந்தன. கால் நின்றுவிட்டது. களத்துக் கூலிக்காரி சொன்னால் யார் நம்புவார்கள் என்று மனசு ஒரு சாக்கையும் எடுத்துக்கொடுத்தது.

இந்த ஊரில் சபாபதி முதலாளியின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் சத்திரத்தில் இல்லை.

ஏன் இல்லை என்றால், பத்திரிகை வைத்த அழகு அப்படி. தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைப்பதுதானே முறை? ஒரே தெருவில், நூறு அடியில் வீடு இருக்கிற கோதண்டம் முதலாளிக்கு எங்கள் முதலாளி பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “தபால்ல கூப்ட்ட கல்யாணத்துக்குத் தபால்லயே போயிட்டு வரேன்” என்று சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

நான் பின்வாசல் வழியாக ஓடினேன். கிழக்கு மில்லுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. எங்கள் மில்லில் வேலை செய்பவர்கள் அங்கே போவது பெரிய குற்றம்.

கோதண்டம் முதலாளி தன் அறையில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், காலில் புதுச் செருப்பு. மேஜையில் பரிசுப்பொட்டலம் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையும் அதன்மேல் வைத்திருந்தார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “சும்மாதான் கட்டிகினேன். திங்கக்கெழம ஆச்சே” என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. “மொதலாளி, மல்லிகாவுக்குக் கல்யாணம் நின்னுடும் போல இருக்குதுங்க. ராகுகாலத்துல தாலி கட்டச் சொல்றாங்கன்னு சம்பந்தி சண்ட. எங்க மொதலாளி சங்கு சரின்னு நிக்கறாரு.”

“சபாபதி தப்ப ஒத்துக்க மாட்டான். மூணாங்கிளாஸ்ல சிலேட்ட ஒடச்சிட்டு, சிலேட்டுதான் தன்ன இடிச்சிதுன்னு சொன்னவன்.” அப்படியே எழுந்துவிட்டார். “பொண்ணு அழுவுதா?”

“அழுவலீங்க. அதாங்க பயமா இருக்கு.”

பொட்டலத்தைக்கூட மறந்துவிட்டு நடந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தப்பிலும் முந்தியவர்கள்

அவர் சத்திரத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஆகா, வேடிக்கை பார்க்க வந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எங்கள் முதலாளியின் மீசை துடித்தது.

கோதண்டம் முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. நேராக ஸ்டேஷன் மாஸ்டர் எதிரில் போய்க் கையைக் கூப்பினார்.

“உங்க கடியாரந்தாங்க சரி. எங்க ஊரு நேரம் அரை மணி பாஸ்ட்டு. தப்பு என்னுது. பேருக்கு ஆசப்பட்டு எஞ்சங்க நாந்தான் முன்னாடி ஊத வெச்சேன். பாவம் சபாபதி, ஊர்ல கொழப்பம் வேணாமேன்னு எங்கூட ஒத்துப்போனாரு. அவுரு மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பகையாளியின் பெண்ணுக்காக ஒரு மனுஷர் நானூறு பேர் நடுவில் தன் தலையைத் தாழ்த்தி நிற்கிறார்.

எங்கள் முதலாளிக்கு முகம் சிவந்தது, வெளுத்தது. பிறகு இரண்டு எட்டில் முன்னால் வந்தார்.

“இன்னாடா சொன்ன? நீ மொதல்ல ஊதனியா? நாந்தாண்டா மொதல்ல ஊதனேன்!”

“இல்லீங்க, இவுரு பெருந்தன்மைல சொல்றாரு...”

“பெருந்தன்மையாவது, புண்ணாக்காவது! சம்பந்தி, இவன நம்பாதீங்க. ரெண்டு நிமிஷம் முன்ன ஊதுன்னு பச்சம்மாகிட்ட சொன்னதே நாந்தான். எல்லாத்துலயும் முந்திக்கறது இவன் புத்தி. இப்ப தப்புலயும் முந்தப் பாக்கறான்!”

“டேய், அதுக்கு முன்னாடியே நான் அஞ்சு நிமிஷம் தள்ளிட்டேன்டா!”

“மார்கழிலயே நான் மூணு தள்ளனேன்!”

“கார்த்திகைல இன்னா பண்ண, சொல்லு?”

ஒருத்தர் தப்பை மற்றவர் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரசித்தார். மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். கதவிடுக்கில் நெற்றிச்சுட்டி வேறு மாதிரி ஆடியது.

ஸ்டேஷன் மாஸ்டர் கையைத் திருப்பிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கார்த்திகை, ஐப்பசி எல்லாம் முடித்துப் புரட்டாசிக்கு வந்தபோது, ரயிலை அனுப்புகிறவர் போலக் கையை உயர்த்தினார்.

“ஒம்பதே கால். சண்டைய நிறுத்துங்க. கெட்டிமேளம்!”

மேளச் சத்தத்தில் தாலி ஏறியது. அட்சதை போடும்போது கோதண்டம் முதலாளிக்கு உட்கார இடமில்லை. எங்கள் முதலாளி தானே போய், சத்திரத்திலிருந்த ஒரே கை வைத்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். கோதண்டம் முதலாளி, “எனக்கு நின்னாத்தான் நல்லா தெரியும்” என்றார். இவரும் பக்கத்தில் நின்றார். நாற்காலியில் பரிசுப்பொட்டலத்தை நான் வைத்தேன்.

மறுநாள் இரண்டு சங்கும் சரியான நேரத்துக்கு ஊதின. ஆனால் அன்று எல்லாருக்கும் பொழுது அரை மணி நீண்டது. நடவுப் பெண்கள் இருவரையும் சேர்த்தே திட்டினார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்ட முதல் பொருள் அதுதான்.

தாம்பூலத் தட்டோடு போனேன்

வருஷங்கள் ஓடின. தூளியில் கிடந்த செல்விக்கே கல்யாணம் வந்தது. தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டு, முதலாளிகளை நேரில் அழைக்கப் போனேன்.

கிழக்கு மில் வாசலில் கை வைத்த நாற்காலிகள் இரண்டு, ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தன. இரண்டு பேரும் கிழவர்களாகிவிட்டார்கள். மேற்கே மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

“நாந்தாண்டா மொதல்ல.”

“போடா, நாந்தான்.”

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“மொதலாளி, ரெண்டு பேரும் இல்லீங்க. மொதல்ல ஊதனது நாந்தாங்க. அஞ்சு நிமிஷம். செல்விக்குப் பால் குடுக்கணும்னு ஓடனேங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கேட்டியா சபாபதி? நாம ரெண்டு பேரும் இத்தினி வருஷம் பாடுபட்டா, நடுவுல பூந்து இவ பேர் வாங்கப் பாக்கறா.”

“அஞ்சு நிமிஷம்லாம் ஒரு தப்பாம்மா? போ, போ. போய் கல்யாண வேலயப் பாரு. பொண்ணுக்கு இன்னா வேணும்னு வந்து சொல்லு.”

நான் தெருமுனை திரும்பும்வரை, “கார்த்திகைல...” என்று குரல் கேட்டது.

இப்போது இருவரும் இல்லை. மறுத்துப் பேச ஆளில்லாத தைரியத்தில் எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் தங்கள் தப்பில் எனக்குப் பங்கு தரவில்லை. ஆனாலும் முதலில் ஊதியவள் நான்தான். பிள்ளை பசியாக இருந்தாள்.